ஆறவிட்ட மண்

முதலில் எனக்குத் தெரிந்தது அவருடைய வழுக்கைத் தலை மட்டும்தான். மீதி ஆள் கொல்லைப்புறத்துக் குழிக்குள் இருந்தார். அளவுக் கருவிகள் விற்கும் கம்பெனியில் எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அடையாள அட்டையைப் பார்ப்பவர் கண்ணில் படும்படிதான் மாட்டியிருப்பேன். அவர் கேட்டிருந்த மண் வெப்பமானியைக் கொண்டுபோயிருந்தேன். அட்டையை நிதானமாகப் படித்தார்.

"இன்ஜினியர் சார் உள்ள இறங்குவாரா, இல்ல அட்டை மட்டும் இறங்குமா?"

இறங்கினேன்.

குளிர்பதனக் கிடங்கில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு அறை வீட்டில் தனியாள். புதையல் கிடைத்தால் பாதி தனக்கு என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டம்மா தினமும் கேட்பாராம். அந்நாளில் அவரிடம் நேரில் பேசும் ஆள் அந்தம்மா ஒருவர்தான்.

முந்தின கோடையில் மகள் கைக்குழந்தையோடு வந்து, பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு கிளம்ப, இரண்டே நாளில் திரும்பிவிட்டாள். வீடு குளிர்ச்சியாக இருந்தால் அடுத்த வருஷம் ஒரு மாதம் தங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். உச்சிவெயிலில் அந்தத் தெருவில் ஏசி ஓடுமளவுக்குக் கரண்ட் வராது. அதனால் கிடங்கில் கழித்துப்போட்ட பழைய இயந்திரம் ஒன்றை வாங்கிவந்து சரிசெய்தார். அது மாடியில் வெயில் காய்ச்சும் வெந்நீரில் ஓடும். கரண்ட் பேருக்குக் கொஞ்சம் போதும். ஆனால் அறையில் எடுத்த சூட்டையும் வெந்நீர் கொடுத்த சூட்டையும் அது எங்காவது கொட்டியாக வேண்டும். வெளிக்காற்றே அனலாக அடிக்கும்போது காற்றில் எப்படிக் கொட்டுவது? அதற்குத்தான் குழி. ஆளுயர ஆழத்தில் குழாய் பதித்து, சூட்டை மண்ணுக்குள் அனுப்பினார்.

நன்றாகவே ஓடியது. கோடை பிறந்த அன்றிலிருந்து தினமும் ஓட்டினார். சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டு அறை எத்தனை டிகிரி என்று சொல்வார். அந்த அறையில் அவர் படுப்பதுகூட இல்லை. பேத்திக்கென்று விரித்த மெத்தை கசங்கக் கூடாதாம். யாருமில்லாத அறை இரண்டு மாதம் ஜில்லென்று இருந்தது.

மகள் வந்த மறுநாள் மத்தியானமே அறை முப்பத்துமூன்று டிகிரியைத் தாண்டியது. மூன்றாம் நாள் கிளம்பிவிட்டாள். போகும்போது, பரவாயில்லைப்பா என்றாளாம். திட்டியிருந்தால் தேவலை என்றார் என்னிடம்.

நான் கொடுத்த கருவி பொய் சொல்கிறது என்று சொல்லித்தான் என்னை மறுபடி கூப்பிட்டார். குழாய் தெரியும்வரை குழியைத் தோண்டி வைத்திருந்தார். இன்னொன்றை இறக்கிப் பார்த்தேன். அதுவும் நாற்பத்தொரு டிகிரி காட்டியது. குழாயைச் சுற்றி மண் உலர்ந்து விலகியிருந்தது.

"மண்ணு நிறைஞ்சிடுச்சுங்கய்யா. ரெண்டு மாசமா கொட்டின சூடு எங்கயும் போகல. ஓட்டாம விட்டு, தண்ணி ஊத்தினா மெதுவா ஆறும்."

குழாயின் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"அப்ப அவங்களுக்கு வேண்டிய குளிர்ச்சிய நானே தீர்த்துட்டேன். அதுவும் காலி ரூமுக்கு."

இப்போது அடுத்த கோடை. அவர் முன்னறைத் தரையில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு, கையில் விசிறியோடு படுத்திருக்கிறார். காலையில் குழாய் போன தடத்துக்குத் தண்ணீர் விடுகிறார். மண் இருபத்தொன்பதில் நிற்கிறது. லீவு கிடைக்கவில்லை என்று மகள் இரண்டு தடவை தேதி மாற்றிவிட்டாள். இயந்திரத்தை அவர் இந்த வருஷம் ஒருநாள்கூட ஓட்டவில்லை.