மூன்று முறை கூப்பிட்டால்தான்

ராயபுரத்தில் ஒரு பழைய சரக்குக் கிடங்கை வெள்ளையடித்து, ஏசி மாட்டிக் கலைக்கூடமாக்கியிருந்தார்கள். மாதம் ஒருமுறை அங்கே அந்தக் காலத்துப் பேய்க் கதைகளை நடித்துப் படிப்பார்கள். நான் கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். வாய்விட்டுப் படிப்பதில் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். குரல் தேர்வில், அந்த மாதக் கதையில் வரும் எஜமானியம்மாவின் வசனத்தைப் படித்துக் காட்டினேன். இயக்குநர் வேலைக்காரி வேஷத்தைக் கொடுத்தார்.

"இதை உங்க ஏரியா பாஷையில படிங்க. ஜனங்க நல்லா சிரிப்பாங்க" என்றார்.

பேய்க் கதையில் எதற்குச் சிரிக்க வேண்டும்? எஜமானியம்மா பயந்தால் கூடவே நடுங்குவார்களாம், நாங்கள் பயந்தால் சிரிப்பார்களாம். பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மைக் முன்னால் நிற்கிற ஆசை விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

என் அக்கா காசிமேட்டில் மீன் விற்கிறாள். மச்சான் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அதிலிருந்து, பொழுது சாய்ந்தபின் வாசலில் யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்குப் பதில் சொல்ல மாட்டாள். பேய் ஒரு தடவைதான் கூப்பிடும், மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனிதர் என்பது எங்கள் குப்பத்துக் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தில் குழம்போடு நின்றாலும் மூன்று முறை கத்தியாக வேண்டும். "ஆறிப்போவுதுடி!" என்று திட்டுவாள். அக்கா அசைய மாட்டாள்.

"கடல்ல போனவன் திரும்பி வர்ற கதை அக்கா, உனக்கு வேணாம்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீ மைக்குல பேசறத நான் கேக்காம வேற யாரு கேக்கறது?" என்று நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கதையில், கப்பலோடு மூழ்கிப்போன எஜமான் மழையில் நனைந்தபடி கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுகிறான். ஒரே குரல்தான். உடனே வேலைக்காரி, "தோ வந்துட்டேங்க" என்று ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் அக்கா எழுந்துவிட்டாள்.

"தொறக்காதடி! ஒரு தபாதான் கூப்ட்டுக்கீறான்! கொரல் குடுக்காத!"

கூடமே சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயக்குநர் ஓரத்திலிருந்து, "அந்தம்மாவை வெளிய உக்கார வைங்க" என்று காவலாளியிடம் சொன்னார். காவலாளி வருவதற்குள் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தானே வெளியே போனாள். அத்தனை பேர் பார்க்க அழுதுகொண்டே போனாள்.

உடம்பெல்லாம் கொதித்தது எனக்கு. வசனத்தைச் சொல்லவில்லை. பேயின் வசனத்தைப் படித்தவர் என்னைப் பார்த்தார், நான் அசையவில்லை. வேறு வழியில்லாமல் இன்னொரு முறை கூப்பிட்டார். சிரிப்பு நின்றது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவர் குரலே நடுங்கியது, ஒருவரும் இருமக்கூட இல்லை. நல்லா பயப்படுங்க என்று மனதுக்குள் திட்டினேன். பிறகுதான் என் வரியைச் சொன்னேன்.

முடிந்ததும் இயக்குநர் ஓடிவந்தார். "அந்த மூணு தடவை பிரமாதம்! அடுத்த ஷோவுலயும் அப்படியே வெச்சுக்கலாம். ஆனா உங்க வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வராதீங்க."

தாள்களை அவர் கையில் திணித்துவிட்டு வெளியே வந்தேன். டிரெய்லர் லாரிகள் போகிற சாலையோரம் அக்கா நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"என்னால உனக்கு பேஜாராயிட்ச்சா?" என்றாள்.

அந்தக் கேள்விதான் தாங்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் இயக்குநர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இன்னொரு முறை கூப்பிட்டார். இன்னும் ஒரு முறை.

அக்கா நின்றுவிட்டாள். "மூணு தபா கூப்ட்டாருடி. மனுசன்தான், திரும்பு."

"இவனா மனுசன்?" என்று கேட்டுவிட்டு நான் நடந்தேன்.