அண்ணன் கேட்ட ரீல்

எங்கள் அம்மா தன் வாழ்நாளில் ஒரு கெண்டைக் குஞ்சைக்கூடப் பிடித்தவள் இல்லை. ஆனால் பெரிய சண்டை முடிந்த அடுத்த வருஷத்தில், பெங்களூர் கண்டோன்மென்ட் பழைய சாமான் கடைகளில் தூண்டில் ரீல் பார்த்து வாங்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பார்ப்பதில் என்றுதான் சொல்ல வேண்டும். வாங்கினால்தானே!

கேட்டது அண்ணன். அல்சூர் ஏரிக்கரையில் ஒரு மூங்கில் கோலும் அம்மாவின் தையல் நூலுமாக உட்கார்ந்தே வளர்ந்தவன் அவன். பட்டாளத்தில் சேர்ந்து மலாயாவுக்குப் புறப்பட்ட அன்று, ரயில் ஜன்னலுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "ம்மா, நான் வர்றதுக்குள்ள எனக்கு ஒரு ரீல் வாங்கி வை. தொரைங்க வெச்சிருக்கிற மாதிரி ஒசத்தி எல்லாம் வேணாம், மட்டமானதே போதும். ஆனா நல்லா சுத்திப் பாத்து வாங்கு, ஏமாந்துடாத" என்றான். அதற்குமேல் அவன் பேச்சை நாங்கள் கேட்கவில்லை. சிங்கப்பூர் விழுந்தது. அவனைக் காணவில்லை என்று தகவல் வந்தது.

காணவில்லை என்றால் போய்விட்டான் என்று அப்பா எடுத்துக்கொண்டார். அப்பாவுக்குப் பட்டாளத்து ஸ்டோரில் வேலை. அங்கே காணாமல் போனது எதுவும் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் முன்னால் எங்கள் மர்பி டவுன் வீட்டில் சண்டைதான். மற்ற வீட்டுக்காரர்கள் இறந்தவர்களின் பெயரைச் சாமியாரிடம் கொடுத்துப் பூசை வைப்பார்கள். கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். எங்கோ மண்ணாகிப் போனவர்களுக்கு, கல்லறைத் தோட்டத்து நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவது வழக்கம். "அவனுக்கும் அங்க ஒண்ணு ஏத்தி, பேரையும் குடுத்துடலாம். அந்த ஆத்துமா எத்தினி நாளைக்குத் தவிக்கும்?" என்பார் அப்பா. "உசுரோட இருக்கிற புள்ளைக்கு வத்தி ஏத்துவியா நீ?" என்று அம்மா சீறுவாள். உயிரோடிருப்பவன் பெயரை இறந்தவர் பூசையில் படித்துவிட்டால் அவன் ஆயுசு அறுந்துவிடும் என்று அவளுக்கு ஒரே பயம். அவள் சம்மதிக்காமல் பெயர் கொடுக்க அப்பாவுக்கும் மனம் வராது. நான் அப்போது ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இருவரும் மாற்றி மாற்றி என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். எனக்கு இருவர் மேலும் எரிச்சலாக வரும்.

பெரிய சண்டை முடிந்து, ஜப்பான்காரனிடம் பிடிபட்டவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பத் தொடங்கினார்கள். எங்கள் தெருவிலேயே ஒருவர் வந்து தன் வீட்டு வாசலில் நின்றார். எலும்பும் தோலுமாக இருந்த அவரைப் பார்த்துப் பெற்ற தாயே, "யாருப்பா வேணும்?" என்று கேட்டாளாம். அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து அம்மா மாறிப்போனாள். ரோட்டில் ஒல்லியாக எந்த ஆண் போனாலும் நின்று முகத்தை உற்றுப் பார்ப்பாள். வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நிற்கும். வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். அவளைக் கேலி செய்யத்தான் நான் வாயைத் திறப்பேன். ஆனால் அதற்குள் என் காதும் வாசல் பக்கம் போயிருக்கும். இல்லாதவன் வீடு முழுக்க இருந்தான். நாங்கள்தான் ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம்.

"அவன் வந்து நின்னு, எங்க ரீலுன்னு கேட்டா?" என்று ஒரு சனிக்கிழமை புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நான்.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்த நேரம். பழைய சாமான் கடைகள் நிரம்பி வழிந்தன. மடக்குக் கட்டில், தொப்பி, குதிரைச் சேணம், ஒரு கடையில் பல்செட்டு. பூட்ஸுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய பாதத்தின் அச்சு அப்படியே இருந்தது. நாற்காலிகளின் பிரம்பு, இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி குழிந்திருந்தது. எனக்கு அந்தக் கடைகளுக்குள் மூச்சு முட்டும்.

அம்மாவுக்கு மீன் தெரியாவிட்டாலும் நூல் தெரியும், சக்கரம் தெரியும். வருஷக்கணக்காகப் பட்டாளத்துச் சட்டைகளைத் தைத்தவள். பித்தளை ரீலைக் கையில் வாங்கியதும் முதலில் காதோடு வைத்துக் கைப்பிடியை மெதுவாகச் சுற்றுவாள். உள்ளே பல் தேய்ந்திருந்தால் அந்த இடத்தில் சத்தம் மாறும். வழவழவென்று புது கிரீஸ் தடவியிருந்தால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். தேய்மானத்தை மறைக்கத்தான் கிரீஸ் என்பாள். கொண்டுபோன கந்தலால் அதைத் துடைத்துவிட்டு மறுபடி சுற்றுவாள். பிறகு நூல் சுற்றும் உருளையை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைப்பாள். ஆடினால் அதோடு சரி. கடைசியாகத் தன் மெஷின் நூலை அதில் கட்டிச் சுற்றி, வெடுக்கென்று இழுத்து நிறுத்துவாள். நூல் நின்றதும் உருளையும் நிற்க வேண்டும். அது பாட்டுக்கு ஓடினால் நூல் சிக்கிக்கொள்ளும். "இத வெச்சுக்கினு புள்ள சிக்கு எடுத்துக்கினு உக்காந்திருப்பானா?" என்று கீழே வைத்துவிடுவாள்.

இதையெல்லாம் தாண்டி வந்தாலும் ஒரு கேள்வி இருந்தது. கண்டோன்மென்ட்டில் பழைய சாமான் வாங்கும் எல்லோரும் கேட்பதுதான்: "இது செத்தவங்களுதா, ஊருக்குப் போனவங்களுதா?" இறந்தவர் பொருளை உயிரோடிருப்பவருக்குக் கொடுப்பதில்லை. கடைக்காரர்களுக்கும் இது அத்துப்படி. எதைக் கேட்டாலும் சீமைக்குப் போன துரையுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அவர்களை நம்பினால் பெங்களூரில் ஒரு வெள்ளைக்காரர்கூட இறந்ததில்லை. ஒரே ஒரு பாய் மட்டும் பொய் சொல்ல மாட்டார். அதனால் அம்மா அவர் கடைக்கே திரும்பத் திரும்பப் போனாள்.

மாதங்கள் ஓடின. எத்தனையோ ரீலைக் கழித்துவிட்டாள். சிலவற்றில் நிஜமாகவே பழுது இருந்தது. சிலவற்றில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாங்கி வைத்துவிட்டால் அப்புறம் அவன் வரவேண்டியதுதான் பாக்கி. அப்படியும் வராமல் போய்விட்டால்? அதற்குத்தான் பயப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. கேட்கத் தைரியமில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை. தூறல். பாய் உள்ளேயிருந்து ஒரு சின்ன ரீலை எடுத்து வந்தார். பித்தளை மங்கியிருந்தது, கைப்பிடி மரம் ஓரத்தில் உடைந்திருந்தது. அதனால் மலிவு. அம்மா காதோடு வைத்துச் சுற்றினாள். துடைத்துவிட்டுச் சுற்றினாள். அசைத்துப் பார்த்தாள். பிறகு நூலைக் கட்டி, ஒரு கண்டு முழுக்கச் சுற்றி, முனையை என்னிடம் கொடுத்து, "புடிச்சிக்கினு தெருவுக்கு நட" என்றாள்.

நடந்தேன். பின்னால் கிர்ர்ரென்று சீரான சத்தம். தெருக்கோடி வரை போனேன். நான் நின்றதும் அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தால் தூறலில் கடை தெரியவில்லை. நூல் மட்டும் எங்கோ போய்க்கொண்டிருந்தது. அப்போது அந்தப் பக்கத்திலிருந்து யாரோ மெதுவாக இழுத்தார்கள். அம்மாதான் சுற்றுகிறாள் என்று தெரியும். தெரிந்தும் என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நூலை விடாமல் கிட்டத்தட்ட ஓடியே திரும்பி வந்தேன்.

"நல்லா இருக்குது பாய்" என்றாள் அம்மா. ஒரு பொருளைப் பற்றி அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "சாமான் அசல் சாமான்மா. ஆனா செத்தவரோடது. சின்ன வயசு தொரை. அவரும் அந்தச் சண்டையிலதான். இங்க வெச்சிட்டுப் போன பொட்டிதான் மிச்சம். ஆளு வரல."

அம்மா ரீலைக் கையில் வைத்தபடி நின்றாள். ஈரத் தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் அதைக் கீழே வைப்பாள், நாம் வீட்டுக்குப் போகலாம் என்று நான் குடையை விரித்தேன்.

"குடுங்க. இதுவே இருக்கட்டும்" என்றாள்.

வீட்டுக்கு நடந்தோம். ஏரிக்கரையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், ஒட்டிய கன்னமும் தாடியுமாக எங்களைக் கடந்து போனார். அம்மா தலை நிமிரவே இல்லை. நான்தான் நின்று அந்த முகத்தைப் பார்த்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "சாமியார் கிட்ட பேரு குடுத்துடச் சொல்லு அப்பாவ" என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, ஒரு நிம்மதியும் வந்தது. எதையும் மறைக்கவில்லை, இரண்டும்தான் வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் மேஜை மேல் இருந்த ரீலைப் பார்த்தார். "யாரோடதாம்?" என்றார்.

"செத்தவரோடது" என்றாள் அம்மா.

இத்தனை வருஷமாக இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார், உடனே குடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்புவார் என்று நினைத்தேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இன்னாத்துக்கு வாங்கின?" என்றார். ரீலிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ நம்பிக்கினு இருந்தே. அந்தத் தைரியத்துலதான் நான் வத்தி ஏத்தலாம்னு பேசிக்கினு இருந்தேன்" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு ரீலை எடுத்துக் கைப்பிடியைச் சுற்றினார். அதை எப்படிப் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. "ஆடுது பாரு. உள்ள பல்லு தேஞ்சிருக்குது. அவன் வந்தா திட்டுவான். திருப்பிக் குடுத்துடு இத" என்றார்.

அது ஆடவில்லை. பல் தேயவும் இல்லை. அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கிக் காதோடு வைத்து, வெகுநேரம் சுற்றிச் சுற்றிக் கேட்டாள்.

"ஆமாங்க, தேஞ்சுதான் இருக்குது. நான் சரியா பாக்கல" என்றாள்.

அந்த வருஷமும் நாங்கள் அண்ணன் பெயரைக் கொடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அம்மா ரீலைத் துணியில் சுற்றிக்கொண்டு பாய் கடைக்குக் கிளம்பினாள். இந்த முறை அப்பாவும் கூடப் போனார்.