கேமராவுக்குப் பிடித்த சாம்பல் நிறம்

“தங்கச்சி, சட்டை நல்லாத் தெரியுது. ஆளத்தான் காணோம்.”

சென்ற வாரம், காலை பதினோரு மணிக்கு, நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, திருவாரூர் பிளக்ஸ் கடை பாய் போனில் சொன்னது இது. அந்தச் சட்டைக்குள் இருந்தவர் என் அம்மா!

கீழ்வேளூர்ப் பக்கம் பன்னிரண்டு பெண்கள் கொண்ட நடவுக் குழுவை அம்மா நடத்துகிறார். கயிறு பிடிக்காமலே வரிசை பிசகாமல் நடுகிற குழு. அதைப் பற்றிப் பேச அவரை வேளாண் கண்காட்சிக்கு அழைத்திருந்தார்கள். வாசல் பிளக்ஸில் அவர் படம் வரும். வயலில் எடுத்ததாக இருக்க வேண்டும். முகம் தெளிவாக இருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால்? பெயர் மட்டும்தான் அச்சாகும்.

வரப்பில் நின்று என் போனில் மறுபடி எடுத்தேன். மறுபடி இருட்டு.

எங்கள் பக்கத்துப் பெண்கள் வெயிலுக்காகச் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். அம்மா அணிந்திருந்தது அப்பாவின் வெள்ளைச் சட்டை. பின்னால், தண்ணீர் கட்டிய வயல் வானத்தையே திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது.

குழுவில் மூத்தவரான செல்வி அத்தைக்கு ஒரு யோசனை. “ஸ்டுடியோவுல பின்னாடி வெள்ளைத் துணிதானே கட்டுவாங்க?”

மோட்டார் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்த வேட்டி வந்தது. இரண்டு பேர் அதை அம்மாவுக்குப் பின்னால் விரித்துப் பிடித்தார்கள். எடுத்தேன்... முன்னைவிடக் கறுப்பு!

“வேட்டி விளம்பரத்துக்கு வேணா அனுப்புடி” என்றார் அம்மா.

செல்வி அத்தை விடவில்லை. தன் போனில் இருந்த அழகு ஃபில்டரைப் போட்டு ஒரு படம் எடுத்துக் காட்டினார். முகம் வெளிச்சமாக, ரோஜா நிறத்தில். அம்மா உற்றுப் பார்த்தார்.

“யாரு இந்தப் பொம்பள? இவளுக்கு நாத்து நடத் தெரியுமா?”

பன்னிரண்டாக இருபது நிமிடம் இருந்தது.

கல்லூரி இதழுக்காகக் கேமரா தூக்கியபோது, அதன் கையேட்டை வரி விடாமல் படித்தவள் நான். இலக்கிய மாணவிக்கு வேறென்ன வேலை? அது சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தானாக ஒளியைக் கணிக்கும் கேமராவுக்கு எதிரே நிற்பது தாயா, தண்ணீரா என்ற கவலை கிடையாது. வெளிச்சத்தை அளக்கும். காட்சியின் சராசரி, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள ஒரு சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும்படி, ஒளி விழும் நேரத்தையும் சென்சாரின் உணர்திறனையும் கூட்டும், குறைக்கும். எருமையை நெருங்கி எடுங்கள் — வெளுத்துவிடும். உப்பளத்தை எடுங்கள் — அழுக்காகிவிடும். முகத்தைத் தேடிப் பிடிக்கும் வித்தை இக்காலப் போன்களுக்கு உண்டுதான். தலைத்துண்டின் நிழலில் இருந்த முகத்தை என் பழைய போன் தவறவிட்டிருக்க வேண்டும்.

சட்டை வெள்ளை, தண்ணீர் வெள்ளை, போதாததற்கு வேட்டி. ‘வெளிச்சம் அதிகம், குறை’ என்று போன் முடிவெடுத்திருக்கிறது. குறைந்ததோ அம்மாவின் முகம்!

வேட்டியை எடுக்கச் சொன்னேன். திரையில் அம்மாவின் முகத்தைத் தொட்டேன் — இங்கே அளந்துகொள் என்று. முகம் தெளிந்தது. ஆனால், கூடுதலாகவே தெளிந்தது. இப்போது அம்மாவின் கறுத்த முகத்தைச் சாம்பலாக்கப் பார்க்கிறது போன். அம்மாவை முதலில் இருட்டாக்கிய அதே கணக்கு, இப்போது வெளுப்பாக்குகிறது!

பக்கத்தில் தோன்றிய, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு சூரியனை விரலால் கீழே இழுத்தேன். கொஞ்சம்... இன்னும் கொஞ்சம். திரையை ஒரு கண்ணும் அம்மாவை ஒரு கண்ணுமாகப் பார்த்து, இரண்டும் ஒன்றான இடத்தில் நிறுத்தினேன். கன்னத்தில் சேறு தெறித்திருந்தது. அதுவும் தெரிந்தது.

அம்மா வாங்கிப் பார்த்தார். “ஆங்... இது நானு.”

பாய்க்கு அனுப்பினேன். உடனே அழைத்தார். “ஜோரா இருக்கு தங்கச்சி. லேசா கலர் ஏத்தி விடட்டுமா?”

“வேண்டாம் பாய். அப்படியே அடிங்க.”

கண்காட்சியில் அம்மா பத்து நிமிடம் பேசினார், கைதட்டினார்கள். வாசல் பிளக்ஸை மட்டும் மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஏன் என்றேன். “கட்டுனது அவுந்துடாம இருக்கான்னு பாக்கறேன்டி.”

படம் எடுத்தவள் பெயர் அதில் இல்லை. தேவையும் இல்லை — அம்மாவின் அதே நிறம்தான் எனக்கும்!