றொய்சனைக் கொண்டுவரப் போன ஜோசப்பின்

பேசாலையில் பிறந்தவள் ஜோசப்பின். அந்த ஊரில் மலை கிடையாது. மன்னார்த் தீவே தட்டை நிலம். உயரம் என்று சொல்ல அங்கே பனைகளும் கோயில் கோபுரமும்தான் இருந்தன. பிறகு கனடாவுக்கு வந்து வாழ்ந்த ஸ்காபுறோவிலும் அவள் ஏறிய பெரிய உயரம், மோர்னிங்சைட்டில் குடியிருந்த கட்டடத்தின் பத்தாம் மாடி. அதற்கும் லிஃப்ட் இருந்தது. அப்படிப்பட்டவள் நாற்பது வயதுக்குக் கிட்ட, தன்னந்தனியாக இமயமலைக்குள் நடந்துபோனாள். தம்பி றொய்சனை வீட்டுக்குக் கொண்டுவரப் போனாள்.

றொய்சன் அவளைவிடப் பதினான்கு வயது இளையவன். தொழிலுக்குப் போன தகப்பனைக் கடலில் வைத்து நேவி சுட்டது. வள்ளம் கரையொதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. தாய் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினாள். மண்டபம் அகதி முகாமில் காய்ச்சல் கண்டு அவளும் போய்விட்டாள். அவசர அவசரமாக அடக்கம் செய்த அந்த மண்ணில் இப்போது என்ன நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து றொய்சனுக்கு எல்லாமே அக்காதான். எண்பத்தேழில் அவனையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவில் வந்து இறங்கினாள். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை கிடைத்தது. கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "உவன் ஒரு நிலைக்கு வரட்டும், பிறகு பாப்பம்" என்று தள்ளிப்போட்டாள். அவன் கம்பியூட்டர் படித்து, மார்க்கம் நகரில் ஒரு கொம்பனிக்கு வேலைக்குப் போகத் தொடங்கியபோது, பேச்சுக் கொண்டுவர ஆட்கள் இருக்கவில்லை. அதைப்பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒரு நாள், சோற்றைப் போட்டுக்கொண்டு மேசையில் வந்து குந்தியவன், "அக்கா, லீவு எடுத்திருக்கிறன். நேபாளத்துக்குப் போறன், ட்ரெக்கிங்" என்றான்.

"அதென்ன?"

"நடக்கிறதுதான். மலைக்குள்ளால நடந்து நடந்து போறது."

"விமானமேறிப் போய் நடக்கப் போறியோ? நாங்கள் நடந்தது காணாதே?"

அவன் சிரித்தான். பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். மொட்டை மலைகள், அவற்றின் அடியில் கல்வீடுகள், கயிற்றில் கட்டிய நிறநிறமான துணிகள். "திபெத் போடருக்குக் கிட்ட ஒரு பள்ளத்தாக்கு. றோட் இல்லை, கரண்ட் இல்லை. எல்லாம் புத்த கிராமங்கள். இட்ஸ் சோ பியூட்டிஃபுல், அக்கா."

"புத்தமோ?" ஜோசப்பின் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டாள். புத்தர் என்றதும் அவளுக்கு நினைவு வருவது, காவலரணுக்குப் பக்கத்தில் அரசமரத்தின் கீழ் ஆமிக்காரர் கொண்டுவந்து வைத்த சிலைதான். பிக்கு என்றால், அந்த ஆமிக்காரரை ஆசீர்வதித்துக் கையில் நூல் கட்டிவிட்டவர். "போயும் போயும் அவங்களிட்டயோ போகப்போறாய்?"

"அவை வேற, அக்கா. எல்லாரும் நேவிக்காரர் இல்லை."

போனான். கத்மண்டுவில் இருந்து ஒருமுறை எடுத்துப் பேசினான். அதன்பிறகு வந்த அழைப்பில் அவன் குரல் இல்லை.

அன்று காலை ஜோசப்பின் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். ரெலிபோனில் யாரோ ஒரு ஆண் ஆங்கிலத்தில் பேசினான். லைனில் இரைச்சல். அவள் பேசியது அவளுக்கே திரும்பிக் கேட்டது. தம்பியின் பெயர் விளங்கியது. பனி விளங்கியது. வழி இல்லை என்பது விளங்கியது. மற்றதெல்லாம் அள்ளுப்பட்டுப் போயிற்று. ஆங்கிலம் விளங்காத இடத்தில் "யெஸ், யெஸ்" என்பது அவளுடைய பழக்கம். சூப்பவைசருக்கும் டொக்டருக்கும் அப்படித்தான் சொல்லி வந்திருந்தாள். அவனுக்கும் சொன்னாள். ஏதோ கேட்டான், "யெஸ்" என்றாள். திரும்பவும் கேட்டான், திரும்பவும் "யெஸ்" என்றாள்.

பிறகு பெரியப்பாவின் மகன் கஸ்பருக்கு எடுத்தாள். அவர் வோபர்னில் இருந்தார், டாக்சி ஓடினார். அவர் றொய்சனை மலைக்குக் கூட்டிப்போன ட்ரெக்கிங் கொம்பனியைத் தேடிப் பிடித்துப் பேசிவிட்டு, ரெலிபோனில் சொல்லாமல் நேரே வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"பிள்ளை, றொய்சன் செத்துப்போனானாம். உயரத்தில மூச்சு முட்டி வாற வருத்தமாம். பொடியைக் கொண்டுவர வழியில்லையாம், அங்கயே எரிக்கட்டோ எண்டு உன்னட்டக் கேட்டவங்களாம். நீ ஓமெண்டு சொன்னதாச் சொல்லுறாங்கள்."

அந்த "ஓம்" ஒரு வருடம் அவளை அரித்தது. அவர்கள் குடும்பத்தில் யாரையும் எரித்ததில்லை. பங்குச் சுவாமியிடம் போய் அழுதாள். எரிப்பதைத் திருச்சபை இப்போது தடுப்பதில்லை என்று அவர் ஆறுதல் சொன்னார்.

"திருச்சபை தடுக்காட்டிலும் நான் விட்டிருக்கக் கூடாது, சுவாமி. அப்பாவுக்கும் இடமில்லை, அம்மாவுக்கும் இடமில்லை. இவனுக்காவது ஒரு குழி இருந்திருக்கும்."

சாம்பலையாவது எடுத்து வந்து அடக்கம் செய்வதென்று முடிவெடுத்தாள். சேமக்காலையில், கல்லறைக்கென்று, நிலமும் வாங்கினாள். கஸ்பர் எவ்வளவோ மறித்துப் பார்த்தார். "உனக்கென்ன விசரே? நாலு படி ஏறினா மூச்சு வாங்குது, மலையேறப் போறாளாம்." கடைசியில் அவரே எயர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டார்.

கத்மண்டுவில் அவளைச் சந்தித்தவன் பசாங். அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவன், றொய்சனுக்கு வழிகாட்டியாகப் போனவனும் அவன்தான். அவனுக்கும் இரவல் ஆங்கிலம், அவளுக்கும் இரவல் ஆங்கிலம். இருவரும் ஒருவரையொருவர் நன்றாகவே விளங்கிக்கொண்டார்கள்.

பஸ் முடிந்த இடத்தில் நடை தொடங்கியது. ஆற்றின் கரையோடு பாதை. கம்பிப் பாலங்கள் காலடியில் ஆடின. முதலில் காடு, பிறகு பைன் மரங்கள், அதற்குப் பிறகு மரமே இல்லை. கல்லும் காற்றும் பழுத்த பார்லி வயல்களும்தான். சமையலறையில் நாள் முழுதும் நின்று பழகிய கால்கள், மெதுவாகவென்றாலும் நின்றுவிடவில்லை. ஒரு ஏற்றத்தில் பசாங் கையை நீட்டி, "வாங்கோ, திதி" என்றான்.

"திதி எண்டால்?"

"நேபாளியில் அக்கா."

ஜோசப்பின் பாதையிலேயே நின்றுவிட்டாள். "என்னை அப்படிக் கூப்பிட வேண்டாம்" என்றாள். அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு அவளை எதைச் சொல்லியும் கூப்பிடவில்லை. வேண்டியபோது திரும்பிப் பார்த்து நின்றான்.

ஒவ்வொரு கிராமத்தின் வாசலிலும் எழுத்துச் செதுக்கிய கற்களை அடுக்கி நீளமாகச் சுவர் கட்டியிருந்தார்கள். அதைத் தங்கள் வலக்கைப் பக்கம் வைத்துக் கடப்பதுதான் முறை என்று பசாங் சொல்லிக்கொடுத்தான். சுவரின் முகப்பில் புத்தரைக் கண்டதும் ஜோசப்பின் வேண்டுமென்றே மற்றப் பக்கத்தால் போனாள். கூரையில் பார்லி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை. யாராவது ஏசியிருந்தால் அவளுக்கு நல்லாயிருந்திருக்கும்.

மேலே போகப் போகத் தலையிடி தொடங்கியது. நெற்றிப்பொட்டில் யாரோ விரலை வைத்து அமர்த்துவதுபோல் இருந்தது. இதுதானே அவனுக்கும் வந்தது என்று நினைத்தபோது, அந்த வலியை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. பசாங் அவளை மேலே விடாமல் ஒரு கிராமத்திலேயே மறித்து வைத்திருந்தான். அந்த ஓய்வில்தான் றொய்சனைப்பற்றிச் சொன்னான்.

"நான் கேட்டேன். தலை வலிக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். சின்ன வலிதான் என்று சிரித்தான். மேலே கோம்பாவைப் பார்க்க ஆசை. கோம்பா என்றால் எங்கள் மடம். அடுத்தநாள் காலை அவனால் எழும்ப முடியவில்லை."

"அவன் சின்னனிலயும் அப்பிடித்தான்" என்றாள் ஜோசப்பின். "காய்ச்சலைச் சொல்லமாட்டான். நான்தான் தொட்டுப் பார்க்கவேணும்."

அந்தக் கிராமத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். றொய்சன் தங்கிய வீட்டுக்கே பசாங் அவளைக் கூட்டிப்போனான். வீட்டுக்காரன் நொர்பு அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான். அவன் மனைவி பெமா வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர் கொடுத்துவிட்டு, எதிரே இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த ஊர்ப் பிக்குவான லாமா வந்தார். அந்தச் சிவப்பு அங்கியைக் கண்டதும் ஜோசப்பின் சற்றே பின்னால் நகர்ந்தாள். ஆனால் அங்கியின் ஓரமெல்லாம் சேறு. நகங்களுக்குள் மண். உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து அப்படியே எழும்பி வந்திருந்தார்.

"என் தம்பியின் சாம்பலைக் கொண்டுபோக வந்திருக்கிறேன் என்று சொல்லு" என்றாள் பசாங்கிடம்.

அவன் சொன்னான். லாமா மெதுவாக ஏதோ பதில் சொன்னார். பெமா எழும்பி அடுப்புப் பக்கம் போனாள். பசாங் அவள் போவதையே பார்த்தான்.

"என்ன சொல்லுறார்?"

அதற்குப் பிறகுதான் அவன் சொன்னான். பனி கொட்டிய அன்று றொய்சனை முதுகில் கட்டிக்கொண்டு கீழே இறங்கியவன் நொர்பு. கீழே கொண்டுபோனால் பிழைப்பான் என்பது அவர்களுக்குத் தெரியும். பள்ளத்தாக்கு ஒடுங்கும் இடத்தில் பனி சரிந்து பாதையை மூடியிருந்தது. ஒரு பாறையின் கீழே காத்திருந்தபோது றொய்சனின் மூச்சு நின்றது. நொர்பு அவனைத் திரும்பவும் சுமந்துகொண்டு ஏறி வந்தான். அவன் வெளிக்கிட்டபோது வீட்டில் அவனுடைய மகள் காய்ச்சலோடு கிடந்தாள். யங்சென் என்று பெயர், பள்ளிக்குப் போகும் வயது. அவன் திரும்பி வர முன்னர் அவளும் போய்விட்டாள்.

"எங்கள் ஊரில் விறகு மிகவும் அருமை" என்றான் பசாங். "அந்தப் பனியில் இரண்டு பேருக்கும் ஒரே தீதான் மூட்ட முடிந்தது. எங்கள் முறை, சாம்பலைக் களிமண்ணோடு குழைத்து, விரல் உயரத்தில் சின்னக் கோபுரங்கள் செய்து வைப்பது. அப்படித்தான் செய்தோம். பிரிக்கவில்லை. பிரிக்கவும் முடியாது. நீங்கள் உங்கள் தம்பியைக் கேட்டால், லாமா தருவார். அதைத்தான் சொன்னார்."

அடுத்தநாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கிராமத்துக்கு வெளியே வெள்ளை பூசிய கல் மாடம் ஒன்று. அதன் வாயிலிருந்த கல்லை லாமாவே நகர்த்தினார். உள்ளே, மண்ணின் நிறத்தில், சிறிய உருவங்கள் நெருக்கமாக இருந்தன. காய்ந்து சில வெடித்திருந்தன. பெமா முன்னால் வந்து எதையோ சொன்னாள்.

பசாங் சொன்னான்: "எடுத்துக்கொண்டு போகட்டாம். ஆனால் எல்லாவற்றையும் எடுக்கவேண்டாமாம்."

ஜோசப்பின் ஒன்றைக் கையில் எடுத்தாள். பாரமே இல்லை. இதில் தம்பி எவ்வளவு, அந்தப் பிள்ளை எவ்வளவு? திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெமாவின் கண்கள் அவளுடைய கையை விட்டு அசையவில்லை. ஜோசப்பின் பெருந்தன்மையால் விட்டுவிட்டு வந்தாள் என்று சொல்ல முடியாது. கொண்டுபோகத்தான் மனம் கிடந்து அடித்தது. ஆனால் அதைப் பைக்குள் வைக்கக் கை போகவில்லை. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். இறந்தவர்களுக்கான செபத்தைத் தமிழில், வாய்விட்டுச் சொன்னாள். முடியும்வரை அவர்கள் எல்லாரும் அசையாமல் நின்றார்கள். லாமா கல்லை மூடினார்.

திரும்பும்போதுதான் நொர்பு அவளிடம் வந்தான். கைகளைக் கூப்பினான். கீழே கொண்டுபோய்ச் சேர்க்க முடியாததற்கு மன்னிப்புக் கேட்கிறான் என்றான் பசாங். ஜோசப்பினுக்கு அந்த ஊருக்கு வந்ததிலிருந்து வராத அழுகை அப்போது வெடித்தது. அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்து உலுப்பினாள்.

"ஏன் போனீங்கள்? உங்கட பிள்ளை வருத்தமாக் கிடக்க, அவளை விட்டிட்டு ஏன் போனீங்கள்? அவன் உங்களுக்கு ஆர்?"

அவள் தமிழில் கேட்டாள். அங்கே யாருக்கும் விளங்கவில்லை. பெமா வந்து அவளுடைய தோளைப் பிடித்து இருத்தினாள்.

இறங்கி வரும் வழியில், அந்த ரெலிபோனில் தான் "யெஸ்" என்று சொன்ன கதையைப் பசாங்கிடம் சொன்னாள். அவன் யோசித்துவிட்டு, "பாதை திறந்த பிறகுதான் நான் கீழே போய் ஒஃபிசுக்குச் சொன்னேன். அவர்கள் உங்களைக் கேட்க முன்னரே தீ ஆறிவிட்டது. பேப்பரில் எழுதத்தான் கேட்டிருப்பார்கள்" என்றான். நெஞ்சு இலேசாகும் என்று ஒரு வருடமாக நினைத்திருந்தாள். ஆகவில்லை. தான் அழுது சுமந்த பாவம்கூடத் தன்னுடையது இல்லையென்று ஆகிவிட்டது. அவனுக்காகத் தான் செய்தது ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

எயர்போர்ட்டில் கஸ்பர் அவளுடைய பைகளைப் பார்த்தார். "கொண்டந்தனியே?"

"இல்லை அண்ணை."

அவர் பைகளைக் காரில் ஏற்றினார். கார் போய்க்கொண்டிருக்கையில், "அப்ப அந்த நிலம்?" என்றார்.

"எனக்கு இருக்கட்டும்."

அந்த நவம்பரில், மரித்தவர்களின் திருநாளன்று, தமிழ்ப் பூசையில் சுவாமி பெயர்களை வாசித்தார். தகப்பன், தாய், தம்பி பெயர்களோடு இன்னொரு பெயரும் ஜோசப்பின் கொடுத்திருந்தாள். சுவாமி அதில் தடுக்கினார். "யங்... யங்சென்" என்று ஒருவாறு சொல்லி முடித்தார். இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே கார்த் தரிப்பிடத்தில் கஸ்பர் கேட்டார்: "ஆர் பிள்ளை அது?"

"றொய்சனோட எரிஞ்ச பிள்ளை."

"அது புத்தமெல்லே?"

"ஓம்."

கஸ்பர் காரை ஸ்ரார்ட் பண்ணி, கண்ணாடியில் பிடித்திருந்த பனியைத் துடைத்தார். சனங்கள் பூக்களோடும் மெழுகுதிரிகளோடும் சேமக்காலைக்கு வெளிக்கிட்டார்கள். "நீயும் வாறியே? ஒரு திரியைக் கொளுத்திப்போட்டு வருவம்."

"ஆருக்கு அண்ணை கொளுத்துறது? அங்க ஒருத்தருமில்லை" என்றாள் ஜோசப்பின். "என்னை வேலையில இறக்கி விடுங்கோ. பின்னேரச் சாப்பாட்டுக்கு ஆள் குறைவெண்டு சொன்னவை."

முதியோர் இல்லத்தின் பின்வாசலில் இறங்கினாள். கோட்டைக் கழற்றி மாட்டி, தலைக்கு வலையைப் போட்டுக்கொண்டு, கரட் வெட்டத் தொடங்கினாள்.