தங்கச்சிக்கு நான் கொடுத்த நற்சாட்சி

ஒருவருடைய வேலையைக் கெடுக்க எவ்வளவு நேரம் வேண்டும்? எனக்கு ஏழு நிமிடம் போதுமானதாக இருந்தது. பிற்பகல் மூன்று பத்துக்கு அழைப்பு வந்தது. மூன்று பதினேழுக்கு "மெர்சி" என்று நன்றி சொல்லி வைத்தார்கள்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. எழுதுவதா விடுவதா என்று இத்தனை நாளும் இழுத்தடித்தேன். கடைசியில் சம்பந்தப்பட்டவளிடமே கேட்டேன். "எழுதுங்கோ அண்ணை, வேற ஆக்களுக்கெண்டாலும் உதவட்டும்" என்றாள்.

சம்பந்தப்பட்டவள் ரஜனி. என் சித்தியின் மகள். வயது நாற்பத்துநான்கு. யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் களஞ்சியத்தைப் பதினைந்து வருடம் பொறுப்பாக நடத்தியவள். கணவர் ஸ்பொன்சர் செய்து, மூன்று வருடத்துக்கு முன் மகளோடு மொன்றியல் வந்து சேர்ந்தாள். கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடியில் வீடு. வந்ததிலிருந்து அலுவலகங்களைச் சுத்தம் செய்கிற வேலைதான். மகள் பள்ளிக்கூடத்தால் வரும்போது இவள் சப்பாத்து மாட்டிக்கொண்டு நிற்பாள். அந்தச் சுத்திகரிப்பு மருந்து ஒத்துக்கொள்ளாமல் இரண்டு கையிலும் தோல் உரிந்திருந்தது. அவளுக்கு வேண்டியது ஒரு பகல் வேலை. மகளோடு இருந்து இராச்சாப்பாடு சாப்பிட வேண்டும் — அவ்வளவுதான்.

"ஒன்லைனில போட்டுக்கொண்டுதான் இருக்கிறன் அண்ணை. ஒருத்தரும் திரும்பிப் பாக்கினமில்லை."

"எத்தினை இடத்துக்குப் போட்டனி?"

ஒரு கொப்பியை எடுத்து வந்து காட்டினாள். அறுபத்திரண்டு இடங்கள். திகதியோடு, வரிசையாக, எழுத்து ஒன்றுகூடப் பிசகாமல். அறுபத்திரண்டுக்கும் ஒரே சுயவிபரக் கோவையைத்தான் பஸ்ஸில் இருந்தபடி போனில் அனுப்பியிருக்கிறாள். திறந்து பார்த்தேன். சேலையோடு புகைப்படம், தகப்பனாரின் முழுப்பெயர், சமயம், திருமணமானவர் என்ற தகவல், சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறு பாடம் பாடமாக... அடியில், "மேற்கூறிய யாவும் உண்மையென இத்தால் உறுதிப்படுத்துகிறேன்" என்பதன் ஆங்கிலம். அதன் கீழ் கையெழுத்து.

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருடத்துக்கு முன் நானும் இதே வசனத்தை எழுதித்தான் இந்த ஊரில் வேலை தேடினேன் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டொப்போடு இருந்தோம். படத்தை எடுத்தோம், சமயத்தை எடுத்தோம். விளம்பரத்தில் அவர்கள் எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்களோ, அதே சொல்லில் அவளுடைய அனுபவத்தை எழுதினோம். கண்ட இடமெல்லாம் அனுப்பாமல், பொருந்துகிற ஐந்து இடங்களை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினோம். ஸ்பாம் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அங்கே, நேர்முகத்துக்கு வரச்சொல்லி ஓர் அழைப்பு ஐந்து வாரமாகக் கிடந்தது. ரஜனி அதை இரண்டுதரம் வாசித்தாள். எழும்பிப்போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. களஞ்சியத்தில் என்ன செய்தாய் என்று கேட்டால், "நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்தம்" என்பாள். "நான் செய்தனான் எண்டு சொல்லு பிள்ளை. இஞ்ச அடக்கமாய்க் கதைச்சா வேலை தரமாட்டாங்கள்" என்று நான் பெரிய மனிதனாக வகுப்பு எடுத்தேன். வாசகர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தில் ஒன்று பலித்தது. ஓர் ஆஸ்பத்திரியின் பொருட் களஞ்சியம். வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். காலை எட்டிலிருந்து பின்னேரம் நான்கு வரை. நேர்முகத்துக்குப் போய்வந்தவளின் முகத்தில் அன்றைக்கு ஒரு வெளிச்சம் இருந்தது. "நல்லாய்க் கதைச்சவை அண்ணை. ரெண்டு பேரின்ரை போன் நம்பர் கேட்டவை, என்னைப் பற்றி விசாரிக்க."

ஒருவர் அவளுடைய பிரெஞ்சு வகுப்பு ஆசிரியை. மற்றவர் நான். உறவு என்பதற்காக அல்ல. இங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கம் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் சனிக்கிழமைகளில் உணவுப் பொதி கொடுக்கிறது. அதற்குப் பொறுப்பு நான். இரண்டு வருடமாக அங்கே பொருட்களைப் பார்த்துக்கொள்பவள் ரஜனி.

அழைப்பு வந்தபோது நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். அவள் எதிரே கதிரையில். பேசியவர் ஒரு பெண்மணி, கனிவான குரல். இவர் என் உறவினர் என்று முதலிலேயே சொன்னேன். அதனால் என்ன, வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

உணவுப் பொதிக் களஞ்சியத்தை அவர் தனியாக நடத்துகிறாரா?

"எல்லோரும் சேர்ந்துதான் செய்கிறோம்."

அவருடைய திறமைகள் என்ன?

"சொன்னதைச் செய்வார். பழகப் பழகப் பிடித்துக்கொள்வார்."

குறைகள்?

"பிரெஞ்சு இன்னும் கொஞ்சம் வரவேண்டும்."

உங்களிடம் வேலை இருந்தால் மறுபடி எடுப்பீர்களா?

"எடுக்கலாம்... ஏன், பரவாயில்லை."

போனை வைத்தேன். பிரெஞ்சு ஓரளவு விளங்குகிற ரஜனி, "வடிவாய்க் கதைச்சனீங்கள் அண்ணை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள். எங்கள் இரண்டு பேருக்குமே ஒரு பிழையும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கலியாணப் பேச்சில் பெண்ணின் சமையலைப் பற்றிக் கேட்டால், "ஏதோ சமைப்பாள்" என்போம். கேட்பவர்களும் பிள்ளை கைகாரி என்று விளங்கிக்கொள்வார்கள். வகுப்பில் முதலாவதாக வருகிற பையனைப் பற்றிக் கேட்டால், "படிக்கிறான்" என்போம். நம்முடைய ஆளை நாமே புகழ்ந்தால் கண்ணூறு படும், ஊர் சிரிக்கும். அதிலும் ஆளை முன்னால் வைத்துக்கொண்டா? நாங்கள் குறைத்துச் சொல்வோம், கேட்பவர் கூட்டி எடுத்துக்கொள்வார். ஆனால் அந்தப் பெண்மணியின் முன்னால் ஒரு படிவம் இருந்திருக்கும். நான் சொன்னதை அவர் அப்படியே எழுதியிருப்பார்.

ஆறாம் நாள் ரஜனிக்கு மின்னஞ்சல் வந்தது. வேறொருவரைத் தெரிவு செய்துவிட்டார்களாம்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அந்த எண்ணுக்குத் திருப்பி எடுத்தேன். விபரம் சொல்ல முடியாது என்றார் அந்தப் பெண்மணி. பிறகு, "நேர்முகத்தில் எங்களுக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அவரை நன்றாகத் தெரிந்த நீங்களே தயங்கினீர்களே" என்றார்.

தயங்கினேனா? நானா? அந்த நிலவறையில் அரிசி மூட்டை எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நான் கதவுத் திறப்பை வைத்திருப்பவன், அவ்வளவுதான். எந்தத் தகரப் பேணி எப்போது காலாவதியாகும் என்று துண்டுத் தாள் ஒட்டி, பழையதை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்கும் அடுக்கியவள் அவள். எந்த வீட்டில் இனிப்பு ஆகாத சலரோகக்காரர் இருக்கிறார், எந்த வீட்டில் மீன் சேர்ப்பதில்லை, எல்லாம் அவள் கொப்பியில் இருக்கிறது. அவள் வந்த பிறகு நாங்கள் ஒரு பேணியைத்தானும் குப்பையில் போட்டதில்லை. இதில் ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை நான் சொன்னேனா?

அடுத்த நாள் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன்.

"நீங்கள் என்ன பிழையாய்ச் சொன்னனீங்கள் அண்ணை? நானெண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்."

ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கே ஒரு தாளில், அவள் செய்த வேலைகளை ஒன்றுவிடாமல் எழுதினேன். வாசித்துக் காட்டினேன். நெளிந்தாள்.

"இதுகளை எடுங்கோ அண்ணை. தலைக்கனம் பிடிச்சவள் எண்டு நினைக்கப்போகினம்."

"இதில எது பொய், அதைச் சொல்லு. எடுக்கிறன்."

தாளை வாங்கி, உரிந்த விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு போனாள். வெகுநேரம் எடுத்தது. "ஒண்டும் பொய்யில்லை" என்றாள் மெதுவாக. பிறகு அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மறைப்பானேன்?

அடுத்த விண்ணப்பங்கள் போயின. மூன்று வாரம் கழித்து வேறோர் இடத்திலிருந்து என்னை அழைத்தார்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். களஞ்சியம் முழுவதும் அவர் ஒருவரின் உழைப்பு என்றேன். குறை என்ன என்று கேட்டபோது, "தன்னைப் பற்றிக் குறைத்துச் சொல்வார். அது எங்கள் குடும்பத்து வியாதி" என்றேன். அந்த மனிதர் சிரித்தார்.

பகல் வேலை கிடைத்துவிட்டது. கைகள் ஆறிக்கொண்டு வருகின்றன. இராச்சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கிறாள். ஆனால் இடம் நகரின் வடக்கோரம், அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில். ஒரு பஸ், ஒரு மெத்ரோ, மறுபடி ஒரு பஸ். காலை ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். மகள் எழும்ப முதலே புறப்பட்டுவிடுகிறாள். பத்து நிமிட நடையில் இருந்த அந்த வேலையில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்.

அன்றைக்கு அடக்கமாக இருந்தவன் நான். விடியமுதல் பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்பவள் அவள்.