கல் தொட்டியும் கேன் தண்ணியும்

என் பொண்ணுக்குக் கல் தொட்டியிலதான் ஞானஸ்நானம்னு நான் சொன்னப்ப, எங்க கோயில் கமிட்டி செயலாளர் சிரிச்சாரு. "இன்னாம்மா, மாடு தண்ணி குடிக்கிற தொட்டியிலயா?"ன்னாரு. பக்கத்துல நின்னவங்களும் சிரிச்சாங்க. எனக்கு வந்துச்சே கோவம்! "அதை மாட்டுத் தொட்டி ஆக்குனது யாரு? நீங்கதானே?"ன்னு கேட்டுட்டேன்.

மண்ணூர் பக்கம் எங்க ஊரு. கம்பெனிங்க வந்து நெலம் வெலை ஏறுனதும், பழைய மாதா கோயிலை இடிச்சுட்டு டைல்ஸ் போட்டுப் புதுசா கட்டுனாங்க. வாசல்கிட்ட இருந்த ஞானஸ்நானக் கல் தொட்டியைத் தள்ளிக் கொல்லையில போட்டாங்க. கொத்தனாருங்க அதுல செங்கல் நனைச்சாங்க, அப்புறம் மாடு குடிச்சுது. ஞானஸ்நானத்துக்குப் புது ஏற்பாடு போட்டாங்க. அவங்கவங்க வூட்டுலேர்ந்து ஒரு எவர்சில்வர் பேசினும் ஒரு கேன் தண்ணியும் கொண்டாந்துடணும். "எல்லாம் ஒரு சுத்தத்துக்குத்தாம்மா"ன்னாரு செயலாளர்.

சுத்தமாம், சுத்தம்! அது எந்தச் சுத்தம்னு எனக்குத் தெரியாதா? எங்கம்மா சின்னப் பொண்ணா இருந்தப்ப ஊர்க் கெணத்துல எங்க தெரு ஆளுங்க வாளி வுடக்கூடாது. செயலாளர் தெருக்காரங்க எறைச்சு ஊத்துனாத்தான் எங்களுக்குத் தண்ணி. கோயிலுக்குள்ளயும் அவங்க முன்னால, நாங்க பின்னால. ஆனா கல் தொட்டி ஒண்ணுதான் இருந்துச்சு. அவங்க புள்ளைக்கும் அந்தத் தண்ணிதான், எங்க புள்ளைக்கும் அந்தத் தண்ணிதான். ஆளுக்கொரு பேசின்னு ஆயிட்டா, என் பொண்ணைத் தொட்ட தண்ணி அவங்க புள்ளையத் தொடாது. அவ்ளோதான் விஷயம். வுட்டுருவனா நானு?

ஃபாதர்கிட்ட போனேன். ஊருக்குப் புதுசு, பயந்த சுபாவம். "தொட்டி வாசலுக்கு வந்துட்டா எனக்கு ஆட்சேபணை இல்லம்மா"ன்னாரு. அந்தக் கல்லை எவன் நகத்தப்போறான்னு நெனச்சிருப்பாரு. என் வூட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கம், ஒரகடத்துல ஒரு கம்பெனியில ஃபிட்டர். "ஒரு கல்லுக்காட்டி இந்தப் பாடு?"ன்னாரு. "ஆமா, கல்லுக்குத்தான்"னேன். மறுநாள் ஷிஃப்ட் முடிஞ்சதும் முன்ன ஒரே ரூம்ல கூடத் தங்குனவங்க அஞ்சு பேரைக் கூட்டியாந்துட்டாரு. அடியில இரும்புப் பைப்பைக் குடுத்து உருட்டி உருட்டியே வாசலுக்குக் கொண்டாந்தாங்க. நான் தேங்கா நாரு போட்டுத் தேய்ச்சேன். தொட்டி அடியில ஒரு ஓட்டை, அதுல கொத்தனாருங்க சிமெண்ட் சாக்கைத் திணிச்சு வச்சிருந்தாங்க. சீ, அழுக்குன்னு புடுங்கி எறிஞ்சேன்.

ஞாயித்துக்கெழமை ரெண்டு கொழந்தைங்களுக்கு ஞானஸ்நானம். ஒண்ணு என் பொண்ணு, இன்னொண்ணு செயலாளரோட பேரன். அவரு மருமக ஒரு ஓரமா புள்ளையோட நின்னா. பக்கத்துல பளபளன்னு பேசின், சீல் ஒடைக்காத கேன். ஃபாதர் எங்க தொட்டி நெறைய தண்ணி ஊத்தச் சொல்லி ஜெபம் பண்றாரு, தண்ணி கடகடன்னு எறங்குது, கீழ ஒரே ஈரம். அடிப் பாவி! அந்த ஓட்டைக்கு முன்ன ஒரு மரக்கட்டை அடைப்பு இருந்துச்சே, அது தொலைஞ்சதை நான் யோசிக்கவே இல்ல. போன் கம்பெனியில நாள் பூரா லைன்ல ஒக்காந்து அடுத்தவங்க செஞ்ச போனை ரிஜெக்ட் பண்றவ நானு!

செயலாளர் சிரிப்பை அடக்கிக்கினு, "தண்ணியே நிக்க மாட்டேங்குதே, இன்னாம்மா பண்றது?"ன்னாரு.

புள்ளைய வூட்டுக்காரர் கையில குடுத்தேன். பட்டுச் சேலையோட கையை முழங்கை வரைக்கும் தொட்டியில வுட்டு, கட்டைவிரலால ஓட்டையை அழுத்திப் புடிச்சேன். "இப்ப நிக்குது ஃபாதர். ஊத்துங்க"ன்னேன். பாதித் தொட்டி தண்ணி மிச்சம் இருந்துச்சு. அதுலேர்ந்து மொண்டு என் பொண்ணு தலையில ஊத்துனாரு. வீல்னு கத்துனா. நல்லாக் கத்துடி என் தங்கம்னு நெனச்சேன்.

விரலை எடுக்கப்போனேன். யாரோ என் தோளைப் புடிச்சாங்க. திரும்புனா, செயலாளரோட மருமக, புள்ளையோட நிக்கிறா. பேசினும் கேனும் அந்த மூலையிலயே கெடக்குது. மாமனார் பக்கம் அவ திரும்பிக்கூடப் பாக்கல.

"அக்கா, விரலை எடுத்துராதீங்க. எம்புள்ளைக்கும் இந்தத் தண்ணிதான்"ன்னா.

கட்டைவிரல் மரத்துப்போச்சு. நான் எடுக்கல.