போடிமெட்டுச் சுவரில் காய்த்த ஏலக்காய்

எங்கள் வீட்டு நாய் சுண்டலுக்குப் பதினொரு வயது. நன்றாக இருக்கும்போதே ஒரு படம் வரைந்து வைத்துவிடலாம் என்று மனைவி நச்சரித்ததால், போன மாதம் ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுக் கிளம்பினேன். போடிநாயக்கனூர் ஓவியர் மலர் போட்டோவைப் பார்த்து வரைய மாட்டார். "நாயக் கொண்டாங்கண்ணே, நேர்ல பாத்துத்தான் வரைவேன்" என்று போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். அன்று அவருக்கு வேலை போடிமெட்டில், ஒரு டீக்கடைச் சுவரில். நாயோடு மலையேற வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது, வேறென்ன!

மதுரையிலிருந்து காலை ஐந்தரைக்குக் கார். 90 கிலோமீட்டர், எட்டு மணிக்குப் போடியில் இட்லி. பக்கத்தில் ராசிங்காபுரம் போய், மலர் ஊர்க்காரர்களோடு சேர்ந்து வரைந்த சுவரைப் பார்த்தேன். ஊரின் ஆடு, மாடு, நாய் எல்லாம் அதில் இருக்கின்றன. "இது எங்க கிடா" என்று ஒருவர் என்னை நிறுத்தி வைத்துக் காட்டினார். பிறகு மலைப்பாதை, 26 கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் சுண்டல் வாந்தி எடுத்தது. பதிமூன்றாவதில் நான்.

பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மலர் சுண்டலுக்கு எதிரே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். "நின்னுக்கிட்டு வரைஞ்சா நாய்க்கு முதுகுதாண்ணே வரும்" என்றார். ஒரு மணி நேரத்தில் நரைத்த மீசை உட்பட அச்சு அசல் சுண்டல். 1,500 ரூபாய்.

சுவர்ப்படம் ஏறக்குறைய முடிந்திருந்தது. தோட்ட வேலைக்குப் போகும் மூன்று பெண்கள் நிமிர்ந்து சிரித்தபடி, திராட்சைக் குலைபோல் தொங்கும் ஏலக்காயைப் பறிக்கிறார்கள். அழகாக இருக்கிறதே என்று நானும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மூன்றரைக்கு, வேலை முடிந்து திரும்பும் ஜீப்பு டீக்கு நின்றது. இறங்கிய பெண்கள் சுவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏ தாயி, ஏலக்கா தலையிலயா காய்க்கும்? தூருல சரம் விட்டு, தரையிலல்ல கெடக்கும்!"

மலருக்கு முகம் சுருங்கிப்போனது. "போடியில பொறந்து, காய மூட்டையிலதான் பாத்திருக்கேன்" என்றார். எனக்கு மட்டும் என்ன தெரியும், நான் பாயசத்தில் பார்த்ததோடு சரி.

சுவரில் இருக்கும் மூவரும் மலர் இதே டீக்கடையில் நேரில் பார்த்து வரைந்தவர்கள்தான்; நடுவில் இருந்த உருவத்துக்குச் சொந்தக்காரர் பாண்டியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அழிச்சுப்புடாத தாயி. காயக் கீழ எறக்குனா நாங்க குனியணும். குனிஞ்சா மூஞ்சி எங்க தெரியும்? முப்பது வருசம் குனிஞ்சாச்சு. நாளையோட சோலிய விட்டுட்டு மக வீட்டுக்குத் திருப்பூர் போறேன். என் மூஞ்சியாவது இங்க நிக்கட்டும்."

"அதுக்காக மல பூராம் நம்மளப் பாத்துச் சிரிக்கவா?" என்றார் இன்னொரு பெண். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது.

மலர் சுண்டல் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டென்று தரையில் மல்லாந்து படுத்தார். "யக்கா, எனக்குப் பக்கத்துல காய் கெடக்குன்னு நெனச்சுக் குனிங்க." பாண்டியம்மா குனிந்தார். நானும் உட்கார்ந்து பார்த்தேன். கீழே இருந்து பார்த்தால் முகம் முழுசாகத் தெரிகிறது!

அன்று மாலையே சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. மறுநாள் முடிகிறதா பார்த்துவிடலாம் என்று 900 ரூபாய்க்கு அறை எடுத்துத் தங்கினேன். வெள்ளி காலை பனிமூட்டம், பெயின்ட் காயவே இல்லை. தார்ப்பாய் கட்டி, உள்ளே அடுப்பு வைத்து, மலர் சாப்பிடாமல் வரைந்தார். ஜீப்பு வந்தபோது மற்ற இருவரும் கரிக்கோடுகளாகத்தான் இருந்தார்கள். பாண்டியம்மா மட்டும் முடிந்திருந்தார்.

"ஒக்காந்து பாருங்கக்கா" என்றார் மலர். பாண்டியம்மா சுவரடியில் உட்கார்ந்தார். கண்ணெதிரே தூரில் பச்சைக் காய்கள், அதற்கு மேலே இலைகளுக்கு நடுவில் அவரையே குனிந்து பார்க்கும் அவர் முகம். தலைத்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிரைவர் ஹாரன் அடித்தார். "ஆத்தா, வெரசா வா!"

"இருப்பா. முப்பது வருசமா ஜீப்புக்கு நான் நின்னேன். இன்னைக்கு எனக்கு அது நிக்கட்டும்."

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம். மலையேறும் முன் நாய்க்கு எதுவும் கொடுக்காதீர்கள், நீங்களும் இட்லியைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரை நின்று பார்த்தால் வெறும் படம்தான். கூச்சப்படாமல் தரையில் உட்காருங்கள். பாண்டியம்மா குனிந்து உங்களைப் பார்ப்பார்.